ஒரே ஒருமுறை இளகும் பாசி

செய்னுலாப்தீன் மரைக்காயரின் கடைசிக் கனவு கீழக்கரையில் அவருடைய வீட்டு ஃப்ரீசரில், ஐஸ் தட்டுக்கும் வாவல் மீன் துண்டங்களுக்கும் நடுவே, நீல மூடி போட்ட ஒரு டப்பாவில் இருந்தது. அதை அங்கே வைத்தவள் அவருடைய மகள் முனவ்வரா. மண்டபம் போகும் வழியில் உள்ள பாசி ஆராய்ச்சி நிலையத்தில் அவள் விஞ்ஞானி. முறைப்படி அந்த டப்பா நிலையத்துக் குளிர் அறையில்தான் இருக்க வேண்டும். ஆனால் வாப்பாவை வேறு யாரோ சாவி வைத்திருக்கும் அறையில் விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை. மீனோடு மீனாக வீட்டிலேயே இருக்கட்டும் என்று கொண்டுவந்துவிட்டாள்.

ரமலானின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு மாலை. பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்தாள். உம்மா வைத்த கடல்பாசியில் இரண்டு துண்டு தின்றாள். ரோஜா நிறத்தில், பாலும் சீனியுமாக, காய்ந்த தொண்டையில் அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. நன்னாரி சர்பத்துக்கு ஐஸ் எடுக்கலாம் என்று போய் ஃப்ரீசரைத் திறந்தாள். மீன் இருந்தது, ஐஸ் இருந்தது, டப்பா இல்லை.

"உம்மா, இங்க ஒரு நீல மூடி டப்பா இருந்துச்சே?"

பல்கீஸ் உம்மா தாம்பாளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். விளிம்பில் ரோஜா நிறப் பாசி ஒட்டியிருந்தது. கீழக்கரையில் நோன்பு மாதத்தில் கடல்பாசி காய்ச்சாத வீடு கிடையாது. காய்ச்சி உறையவிட்டு, துண்டு போட்டு, தெருவில் வீட்டுக்கு ஒரு கிண்ணம் அனுப்புவார்கள். அன்றைக்கு உம்மாவின் முறை. தெரு முழுக்கக் கிண்ணங்கள் போய்விட்டிருந்தன.

உம்மா மகளைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். குழாயை மூடினார்.

முனவ்வரா ஃப்ரீசர் கதவை மூடினாள். தாம்பாளமும் டப்பா இருந்த காலி இடமும் உம்மாவின் மௌனமும் ஒன்றோடொன்று சேர்ந்தன. "அதைப் போட்டா காய்ச்சுனீங்க? அல்லாஹ்வே! அது கடைப் பாசியில்ல உம்மா, அது வாப்பா! வாப்பாவோட கனவு! தெரு முழுக்கக் குடுத்துட்டீங்களே! நான்வேற தின்னுட்டேனே!"

இதைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் ஒரு ஆள் நின்றது. பக்கத்து வீட்டு ஹசீனா. வாங்கிய கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாதென்று நாலு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு வந்தவள். பழத்தைப் படியிலேயே வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். இரவு தராவீஹ் தொழுகை முடிவதற்குள் தெருவில் யார் எதைத் தின்றார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஹசீனாவுக்கு 'அவசரச் செய்தி' என்று பெயர் வைத்தவரே செய்னுலாப்தீன் மரைக்காயர்தான்.

அந்த மனிதரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவருக்குத் தொழில் கடிகாரம் பழுது பார்ப்பது. வேலை பட்டப்பெயர் வைப்பது. ஒரு ஆளை ஒரு பார்வை பார்ப்பார், கண்ணை மூடுவார், ஒரு சொல் சொல்வார். அதோடு அந்த ஆளின் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிடும். ஹமீது காக்கா தும்மினால் தெருக்கோடி அதிரும். அவருக்கு 'மூணாம் நம்பர் கூண்டு' என்று, பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டின் பெயர். இதையெல்லாம் தெரு ரசித்துச் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் தன் முறை வரும்போது கொஞ்சம் வெந்தும் போனார்கள்.

எல்லாப் பெயரும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. தெருக்கோடி வீட்டில் சம்சாத் என்று ஒரு பெண். பதினேழு வயதில் அவள் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். மரைக்காயர் 'சங்கு' என்றார். அன்றிலிருந்து சங்கு சம்சாத். பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் சம்சாத் வீடு எது என்று விசாரித்தார்கள். "யாரு, சங்கா?" என்று பதில் வந்தது. விசாரித்தவர்கள் ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார்கள், தெருவும் விளக்கமாகச் சொன்னது. இடம் தட்டிப்போனது அதனால் மட்டும்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கடுத்து வந்ததும் தட்டிப்போனது. சம்சாத் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியவள் முப்பது வருடமாகத் திரும்ப ஆரம்பிக்கவே இல்லை. தையல் எந்திரத்தின் சத்தத்தைத் தவிர அந்த வீட்டிலிருந்து சத்தம் வருவதில்லை.

இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து மரைக்காயரின் வலது கை போனது, நாக்கும் போனது. நல்லவேளையாக என்று சிலர் நினைத்திருக்கலாம், வெளியே சொல்லவில்லை.

அந்த வருடங்களில் கடற்கரை முழுவதும் பாசியில்தான் பிழைத்தது. படகுகள் பாசி எண்ணெயில் ஓடின. ஹோட்டல் பார்சல் பாசித்தாளில் வந்தது. அதை ஆடுகள் சட்னியோடு சேர்த்துத் தின்றன. முனவ்வராவின் குழு எடுத்துக்கொண்டது இவையெல்லாவற்றிலும் விசித்திரமான வேலை. ஒருநாள் அவள் வெள்ளைத் தகடு போன்ற ஒன்றைத் துணியுறையில் போட்டு வாப்பாவின் தலைக்கடியில் வைத்தபோது உம்மா கேட்டார்.

"இது என்னம்மா, தலைக்கு வைக்கிற கடல்பாசியா?"

"கிட்டத்தட்ட அதேதான் உம்மா. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுத்த கூழ். ஆனா இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி உசுரோட இருக்கு. நாம தூங்கும்போது மண்டைக்குள்ள சின்னச் சின்னதா மின்சாரம் ஓடும்ல, அதுக்குத் தக்கன நுண்பாசி வரிசை கட்டி நிக்கும். அப்புறம் குளிர வச்சா கூழ் இறுகி, அந்த வரிசை கலையாம இருக்கும்."

"இருந்து?"

"இன்னொருத்தர் இதுல தலைவச்சுத் தூங்குனா, அவங்க தலைச் சூட்டுல கூழ் இளகும். இளகும்போது நுண்பாசி அதே ஓட்டத்தைத் திரும்ப விடும். இவங்க கண்ட கனவை அவங்க காணலாம். பேச முடியாதவங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் உம்மா."

"எத்தனை தடவை காணலாம்?"

"ஒரே ஒரு தடவை. இளகிட்டாப் போச்சு."

பல்கீஸ் உம்மா தகட்டைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். "அப்ப யாரு படுக்குறது?" என்றார்.

முனவ்வரா உறையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். வாப்பாவிடம் சம்மதம் கேட்டாள். அவர் மேல்கூரையைப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார். சம்மதம் என்று அர்த்தம். பட்டப்பெயர் வைப்பதற்கு முன்னால் அவர் செய்கிற மாதிரியே இருந்தது. நாக்கு இருந்திருந்தால் அந்தத் தகட்டுக்கும் ஒரு பெயர் விழுந்திருக்கும். அன்றிரவு தூங்கினார். மறுநாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு மவுத்தாகிவிட்டார்.

ஜனாசா தொழுகைக்கு முன் பள்ளிவாசலில் முனவ்வராவின் சிறிய தகப்பனார் எழுந்து நின்று, வழக்கப்படி, "மவுத்தானவர் யாரையாவது மனம் நோகச் செய்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள்" என்று கேட்டார். "பொருந்திக்கொண்டோம்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். வீட்டில் பெண்களிடம் பல்கீஸ் உம்மா தானே கேட்டார். எல்லாரும் பொருந்தினார்கள். சம்சாத் வரவில்லை. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் நாலு மாத இத்தா முடிந்து வெளியே இறங்கிய முதல் நாளே உம்மா தெருக்கோடி வீட்டுக்குப் போனார். சம்சாத் மரியாதையாக நாற்காலி போட்டாள், தேநீர் கொடுத்தாள். பொருத்தம் கேட்டபோது, "அது அவுஹளுக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளது லாத்தா" என்று அக்கா முறை வைத்துச் சொல்லிவிட்டு எந்திரத்தை மிதிக்கத் தொடங்கினாள்.

மனிதனுக்கு மனிதன் செய்த தீங்கை, நோகடிக்கப்பட்டவர் பொருந்தாமல் இறைவனும் மன்னிப்பதில்லை என்று கேட்டு வளர்ந்தவர் பல்கீஸ் உம்மா. அன்றிலிருந்து தொழுகைப்பாயில் அவர் இருக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது.

டப்பாவோ ஃப்ரீசரிலேயே கிடந்தது. நிலையத்தின் இயக்குநர் இன்பராஜ் அவ்வப்போது கேட்பார். முனவ்வரா ஏதாவது சாக்குச் சொல்வாள். உண்மை என்னவென்றால், அந்தக் கனவு அவளுக்கு வேண்டும். உம்மாவுக்குத்தான் உரிமை என்று தெரியும். ஆனாலும் அவளுக்கு வேண்டும். தான் எடுத்துக்கொள்ளவும் தைரியமில்லை, கொடுக்கவும் மனமில்லை. அப்படியே ஏழு மாதம் ஓடிவிட்டது. இப்போது அது தெருவின் வயிற்றுக்குள் போய்விட்டது.

முதல் கனவு மறுநாள் காலையிலேயே வந்து சேர்ந்தது. சொல்ல வந்தவர் ஹமீது காக்கா. எழுபது வயது, ஆறடி உயரம், வாசலில் குனிந்து நின்றார்.

"உங்க வாப்பா வந்தாஹம்மா. விடியக்காலம் சஹர் சாப்பாட்டுக்கு எந்திரிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால. நான் எங்க வீட்டு வாசல்ல நின்டு தும்முறேன். எதிர்ல அவுஹ. இந்தா சிரிக்கப் போறாஹண்டு நினைக்கேன். சிரிக்கல. 'யர்ஹமுகல்லாஹ்'ண்டாஹ. உனக்கு இறைவன் அருள் செய்வானாகண்டு. இத்தனை வருஷத்துல என் தும்மலுக்கு அவுஹ வாயிலருந்து துஆ வந்தது இதான் முதல் தடவை." அவர் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு தும்மினார். அடுப்படியில் மூடி ஒன்று விழுந்தது.

அடுத்து ஹசீனா. "ஹசீனா பேகம்ண்டு முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டாஹ. கையில எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம். ரிப்பேர் பண்ணி எடுத்துட்டு வந்திருக்காஹ. சுத்தி ஒரே தண்ணி. அவுஹ காலு தரையில படல."

மூன்றாம் நாளில் தெருவே வேறு மாதிரி ஆகிவிட்டது. மக்கள் சீக்கிரம் தூங்கப் போனார்கள். காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கேட்காமலே புரிந்துகொண்டு மெதுவாகச் சிரித்தார்கள். எல்லாருடைய கனவிலும் அவர் தண்ணீரில் நடந்து வந்து வாசலில் நின்றார். சிலரிடம் பேசினார், சிலரிடம் பேசாமல் தலையைத் தொட்டார். நோன்புக் களைப்பும் கடற்காற்றுமாகச் சேர்ந்து, பகலிலும் அந்தத் தெரு பாதிக் கனவுக்குள் இருப்பது போலவே இருந்தது. பட்டப்பெயர்கள் மெல்ல உதிர்ந்தன. "அவசரச் செய்தியக் கூப்பிடு" என்று தொடங்கிய ஒருவர், நடுவில் நிறுத்தி, "ஹசீனாவைக் கூப்பிடு" என்றார்.

முனவ்வராவின் கனவில் மட்டும் அவர் வரவில்லை.

இரண்டு துண்டு தின்றிருந்தாள். தெருவில் யாரும் இரண்டு தின்றதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு இரவும் கை கால் முகம் கழுவி ஒழு செய்து, வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் காத்திருந்தாள். கறுப்பாக ஒரு தூக்கம் வந்து போனது. எல்லார் வாசலுக்கும் போன வாப்பா சொந்த வீட்டுக்கு வரும் வழியை மறந்துவிட்டாரா என்று அவளுக்கு அழுகையாக வந்தது. உம்மாவிடம் கேட்டாள், "உங்களுக்கு வந்தாங்களா?" உம்மா, "நான் திங்கவே இல்லையே, எனக்குச் சீனி வியாதி" என்று சொல்லிவிட்டு முறுக்கு மாவு பிசையப் போய்விட்டார்.

செய்தி மண்டபம் வரைக்கும் போயிருந்தது. இன்பராஜ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் முகம் ஜுரம் வந்தது போலப் பளபளத்தது.

"கொதிக்க வச்சும் வேலை செய்யுதுன்னா, என்ன அர்த்தம்னு தெரியுதாம்மா? தகடு வேண்டாம், குளிர் அறை வேண்டாம், ஒருத்தருக்கு ஒண்ணுங்கற கணக்கே வேண்டாம். ஒரு மனுஷனோட கனவை ஒரு ஊருக்கே குடுக்கலாம். மிட்டாயாக் குடுக்கலாம்."

"யாரு குடுக்கிறது சார்? செத்தவங்கதான் கையெழுத்துப் போட முடியாதே."

"அதுக்கெல்லாம் சட்டம் வரும்."

"எங்க வாப்பா சம்மதிச்சது ஒரு ஆளுக்குத்தான் சார். தெருவுக்கு இல்ல. நாளைக்கு ஒரு குடும்பத்துல பெரியவர் செத்தா, சொத்துக்கு அடிச்சுக்கிற மாதிரி கனவுக்கு அடிச்சுப்பாங்க. விக்கவும் செய்வாங்க."

இன்பராஜ் மேசை மேலிருந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்தார். "எங்கம்மா எட்டு மாசம் பேச்சில்லாமக் கிடந்தாங்க" என்றார். "கடைசில என்னவோ கேட்டாங்க. என்னன்னு இதுவரைக்கும் தெரியாது. அப்ப இது இல்லாமப் போச்சே." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "மிச்சம் ஒரு துண்டாவது இருந்தாக் கொண்டுவாங்க, சோதிச்சுப் பார்ப்போம்" என்றார்.

அவரைக் கோபிக்க அவளால் முடியவில்லை.

மிச்சம் இருந்தது. தாம்பாளத்தில் ஒட்டியிருந்ததை அன்றைக்கே ஒரு சிறு குப்பியில் சுரண்டி வைத்திருந்தாள். பெருநாளுக்கு முந்தைய நாள் காலை அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். அவர்கள் வளர்த்த நுண்பாசிக்குக் கண்ணாடி போன்ற ஓடு உண்டு. வெந்தாலும் கரையாது, ஜீரணமும் ஆகாது. செத்திருந்தாலும் ஓடு தெரிய வேண்டும்.

ஒன்றுகூட இல்லை. நாலு தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பாலும் சீனியும் ரோஜா எசன்ஸும் சைனா கிராஸும்தான் இருந்தன. பஜாரில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும் அதே பாசி.

இன்பராஜிடம் போய்ச் சொன்னாள். அவர் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அப்ப அத்தனை பேரும் எப்படிம்மா கனவு கண்டாங்க?"

"அதை அளக்கிற கருவி நம்மகிட்ட இல்ல சார்."

பஸ்ஸில் வரும்போது கடல் இடது பக்கம் கூடவே வந்தது. தண்ணீர் வற்றும் நேரம். பாசி எடுக்கும் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். முனவ்வராவுக்குக் கோபமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. வாப்பாவின் பாசியை உம்மா காய்ச்சவில்லை. அப்படியென்றால் டப்பா எங்கே?

உம்மா பெருநாள் இனிப்பான வட்டலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தார். முனவ்வரா காலி குப்பியை அவர் முன்னால் வைத்தாள். உம்மா அதைப் பார்த்ததும் கரண்டியை நிறுத்தினார்.

"டப்பா எங்க உம்மா?"

"சம்சாத்துக்குக் குடுத்துட்டேன்."

"எப்ப?"

"அன்னைக்கே. மத்தியானம், லுஹருக்குப் பொறவு. கடல்பாசி கிண்ணத்தோட எடுத்துட்டுப் போனேன். தலைக்கு எப்படி வைக்கிறதுண்டும் சொன்னேன். நீ சொன்னதைக் கேட்டுத்தானே இருந்தேன்."

"அன்னைக்கு நான் அந்தக் கத்துக் கத்துனேன். ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க!"

"சொல்லியிருந்தா நீ ஓடிப்போய்த் திருப்பி வாங்கியிருப்பே."

அது உண்மை. முனவ்வரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஒரே ஒரு தடவைதான் உம்மா. எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. வாப்பாவைப் பிடிக்காத ஒருத்திக்குக் குடுத்துட்டீங்க."

பல்கீஸ் உம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். "எனக்கு ஆசை இல்லேண்டு நெனைக்காதே. ராத்திரி நீ தூங்குனதுக்குப் பொறவு எத்தனை நாளு அந்த ஃப்ரீசர் முன்னால நின்டிருக்கேன் தெரியுமா? ஆனா நாப்பது வருஷம் அவுஹகூட இருந்தேன். நீ அவுஹ பிள்ளை. நமக்கு அவுஹளத் தெரியும். சம்சாத்துக்குத் தெரிஞ்சது அந்த ஒத்தப் பேரு மட்டும்தான். அவளுக்குத்தான் அவுஹளத் தெரிய வேண்டி இருந்துச்சு."

"பார்த்தாங்களா?"

"தெரியாது. கிண்ணம் இன்னும் திரும்பி வரல."

வெளியே யாரோ யாரையோ முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். முனவ்வரா கேட்டாள், "தெருவுல எல்லாரும் தின்னது வெறும் கடைப்பாசி. போய்ச் சொல்லவா?"

"சொல்லித்தான் ஆவணுமா?"

"பொய் இல்லையா உம்மா?"

"பாசி பொய்யா இருக்கலாம். அன்னைக்குப் பள்ளியில எல்லாரும் வாயால பொருந்துனாஹ. இந்த வாரம் மனசால பொருந்தியிருக்காஹ. அதுல எது பொய்யி?"

அசர் பாங்கு சொன்ன கொஞ்ச நேரத்தில் சம்சாத் வந்தாள். கையில் கிண்ணம், அதில் சீனி. இன்னொரு கையில் நீல மூடி டப்பா. முனவ்வரா டப்பாவை வாங்கித் திறந்தாள். துணியுறை ஈரமாக, தட்டையாகக் கிடந்தது. அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். வாப்பா இனி எங்கும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக உறைத்தது.

சம்சாத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "வேண்டாம்ண்டுதான் வச்சிருந்தேன் லாத்தா. ஐஸ்பெட்டியில போட்டு மூடிட்டேன். தெருவுல எல்லாரும் கண்டேன் கண்டேன்ங்கிறாஹ. அவுஹ என் வாசலுக்கு வந்து என்ன சொல்றாஹண்டு பாத்துரணும்ண்டு ஒரு வீம்பு வந்துச்சு. நேத்துத்தான் படுத்தேன்."

"வந்தாஹளா?" உம்மாவின் குரல் மிகச் சிறியதாக இருந்தது.

"வரல லாத்தா. அவுஹ எங்கிட்ட வரல. நான்தான் அவுஹளா இருந்தேன்." சம்சாத் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "கைலியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்குறேன். நான்! தெரு முழுக்க முழங்கால் தண்ணி. வெயிலு பச்சையா அடியில கெடக்கு. காலுக்குப் பாசி வழுக்குது. எல்லா வீட்டுக் கதவும் திறந்து கெடக்கு, தண்ணி வீட்டுக்குள்ள போயிப் போயி வருது. யாரையோ தேடுறேன். ஒவ்வொரு வீடா எட்டிப் பாக்குறேன். எங்க வீட்டு வாசலுக்கும் வந்தேன். அங்க நான் நிக்கிறேன், பதினேழு வயசுப் பிள்ளையா. அவுஹ கண்ணால என்னையே பாக்குறேன் லாத்தா."

"என்ன தோணுச்சு அவுஹளுக்கு?"

"ஒண்ணும் தோணல. தெருவுல ஒரு பொம்பளப்புள்ள நிக்கிது. அவ்வளவுதான். கடந்து போயிட்டாஹ." சம்சாத் சீனிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "முப்பது வருஷமா நான் நெஞ்சுல சுமந்தது அவுஹ நெஞ்சுல இல்லவே இல்ல. அது ஒரு மாதிரியா வலிச்சுச்சு. அதுக்குள்ள கூப்பிடணும்ண்டு வருது. தேடுற ஆளைக் கூப்பிடணும். வாயத் திறக்கேன், நாக்கு வரல. மரக்கட்டையாக் கெடக்கு. தெரு முழுக்கச் சிரிக்க வச்ச நாக்கு. முழிச்ச பொறவும் கொஞ்ச நேரம் எனக்கு அப்படியேதான் இருந்துச்சு. சஹருக்கு எந்திரிச்சு உக்காந்து, ஒரு சத்தம் போட முடியாம அழுதேன். அந்த நாக்கை நான் எத்தனை தடவை சபிச்சிருக்கேன் தெரியுமா? என் வாய்க்குள்ள அது செத்துக் கெடந்தப்ப சபிக்க முடியல. ஒரு ராத்திரி முழுக்க அவுஹளா இருந்துட்டேன் லாத்தா. இனி எப்படிக் கோவிக்கிறது? பொருந்திட்டேன்."

பல்கீஸ் உம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. முனவ்வரா அவருக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அழாதீங்க. இன்னும் முடியல" என்றாள் சம்சாத். "தேடுனது யாரண்டு கேக்கலியே நீங்க."

உம்மா கையை எடுத்தார்.

"தெருக்கோடியில கடல் ஆரம்பிக்கிற இடத்துல ஒரு ஆளு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிது. இடுப்பு வரைக்கும் தண்ணி. பின்னலைப் பாத்ததும் நெஞ்சு அப்படிக் குளுந்துச்சு. உங்களைத்தான் தேடியிருக்காஹ லாத்தா. அப்பத்தான் நாக்கு வந்துச்சு. ஒரே ஒரு சொல்லு. ஒரு பேரு. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாஹ, நீங்க திரும்புனீங்க, நான் முழிச்சுட்டேன்."

"என்ன பேரு?" என்றாள் முனவ்வரா. வாப்பா உம்மாவுக்குப் பட்டப்பெயர் வைத்ததாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. தெருவில் பெயர் விழாத ஒரே ஆள் உம்மாதான் என்று எல்லாரும் சொல்வார்கள்.

சம்சாத் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. முழங்காலால் நகர்ந்து போய், உம்மாவின் காதுக்கருகே கையைக் குவித்து, அதைச் சொன்னாள்.

அறுபத்தைந்து வயது பல்கீஸ் உம்மாவின் முகம் காது வரை சிவந்தது. முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார். "அல்லாஹ்! அது கல்யாணமான புதுசுல... வேற ஒரு மனுஷருக்குத் தெரியாதே..." என்றவர் மேற்கொண்டு பேச முடியாமல் சம்சாத்தின் தோளில் அடித்தார். சம்சாத் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பெயர் அவள் வாய்க்குள் நிற்கவில்லை போலிருக்கிறது.

சிரித்துவிட்டாள்.

அது அடுப்படியில் கிளம்பி, கூடத்தில் நிரம்பி, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. நாலு வீட்டுக்கு என்று சொன்னது பொய்; கடைசி வீடு வரைக்கும் கேட்டது. உம்மாவும் சேர்ந்துகொண்டார். முனவ்வரா காலி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் என்னவென்று அவர்கள் கடைசி வரைக்கும் அவளிடம் சொல்லவில்லை. ஏழு மாதத்தில் என்றாவது ஒருநாள் அவள் துணிந்து தலை வைத்திருந்தால் அது அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இன்றைக்கு இந்தச் சிரிப்பு கேட்டிருக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

தெருவில் கதவுகள் திறந்தன. ஹமீது காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து, "யாரு அது, யாரு சிரிக்கிறது?" என்று கேட்டார்.

தெரியாமல் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பை மறந்தவர் அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்? சொல்வதற்கு ஒரு பெயரும் எல்லார் நாக்கிலும் முப்பது வருடமாகத் தயாராக இருந்தது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஹசீனா கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தாள்.

"நம்ம சம்சாத் லாத்தாதான் காக்கா" என்றாள்.